ஆகாய வைத்தியம்

சென்ற மாதம் நமது பள்ளிப் பிள்ளைகளைக் கொல்லிமலைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். காரவள்ளிக்கு மேலே ஏறும் அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி நாமக்கல் வாசகர்களுக்கு நாம் ஒன்றும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்கள் ஒரு தடவை பஸ்ஸில் ஏறிப் பார்க்கட்டும். பிறகு அவர்களே நமக்குச் சொல்வார்கள்! முப்பதாவது வளைவைத் தாண்டுவதற்குள் பாதிப் பிள்ளைகள் தலையைத் தொங்கப் போட்டுவிட்டார்கள். காது அடைக்கிறது என்று சிலர். வயிற்றைப் புரட்டுகிறது என்று பலர். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடியே, "பஸ்ஸுக்கே இந்தப் பாடென்றால் சண்டை விமானம் ஓட்டுகிறவர்கள் என்ன ஆவார்கள், சார்?" என்று கேட்டாள்.

அச்சமயம் நாம் வாயைத் திறக்கும் நிலையில் இல்லை. ஆகையால் அவளுக்குரிய பதிலை இவ்வாரம் இங்கே எழுதுகிறோம்.

மலை ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. செவிப்பறைக்கு உட்புறம் அடைபட்ட காற்று பழைய அழுத்தத்திலேயே நிற்கிறது; எச்சிலை விழுங்கினால் உள்ளே ஒரு சிறு குழாய் திறந்து காது விடுபடுகிறது. கொல்லிமலையில் சங்கதி இத்துடன் முடிந்துவிடும். பதினெண்ணாயிரம் அடிக்குப் போனால் காற்றழுத்தம் பாதியாகிவிடும். இருபத்தையாயிரம் அடியில் பிராண வாயுக் கருவி இல்லாதவனுக்குச் சுய புத்தி சில நிமிஷங்களே நிலைக்கும். இதில் ஒரு விபரீதம் என்னவென்றால், புத்தி மங்குவது அவனுக்கே தெரியாது. கள் குடித்தவனைப்போல் உற்சாகமாக இருப்பான்! 1875-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்தார் மூவர் 'ஜெனித்' என்ற பலூனில் ஏறி உயரச் சென்றார்கள். பிராண வாயு நிரப்பிய பைகள் அவர்களுடைய தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தன. கையைத் தூக்கி எடுக்கத் திராணியில்லாமல் இருவர் மாண்டனர். திஸ்ஸாந்தியே என்பவர் ஒருவரே உயிருடன் இறங்கினார்.

வளைவில் திரும்பும்போது பஸ் நம்மைப் பக்கவாட்டில் தள்ளுகிறதல்லவா? சண்டை விமானம் வேகமாகத் திரும்புகையில் அதே சக்தி விமானியை ஆசனத்தோடு சேர்த்து அழுத்துகிறது. அறுபது கிலோ எடையுள்ளவன் ஐந்து மடங்கு விசையில் முந்நூறு கிலோ ஆகிவிடுகிறான். இரத்தம் காலை நோக்கி இறங்குகிறது. முதலில் கண் சாம்பல் பூத்தாற்போலாகும்; பிறகு முழு இருட்டு; அதன் பிறகு நினைவு தப்பும். காலையும் வயிற்றையும் இறுக்கிப் பிடிக்கும் உடுப்பு ஒன்றை விமானிகள் அணிவதும், மூச்சை அடக்கித் தசைகளை முறுக்கப் பழகுவதும் இதற்காகவே. இவற்றையெல்லாம் ஆராய்ந்து கற்பிப்பதற்காக 1957-இல் பெங்களூரில் நமது விமானப் படை ஒரு கலாசாலையை ஏற்படுத்தியது. மனிதனை ராட்டினத்தில் போட்டதுபோல் சுழற்றிப் பார்க்கும் இயந்திரம் அங்கே உண்டு. 1984-இல் விண்வெளிக்குச் சென்ற ராகேஷ் சர்மாவின் தேகத்தைச் சோதித்ததும் அங்கேதான்.

இந்த ஆகாய வைத்தியத்தில் தேர்ந்து, விமானப் படையின் வைத்திய இலாகாவுக்கே தலைமை வகித்தவர் நமது தமிழ்ப் பெண்மணி ஒருவர். 1944-இல் திருப்பதியில் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் பத்மாவதி. வளர்ந்தது டில்லியில். தாயார் காச நோயால் படுத்த படுக்கையாகிவிட, நாலைந்து வயதிலேயே அவருக்குப் பணிவிடை செய்யும் பொறுப்பு இந்தக் குழந்தையின் தலையில் விழுந்தது. அண்டை அயலில் இன்னொரு பத்மாவதி இருந்தார்: பிற்காலத்தில் இந்தியாவின் முதல் பெண் இருதய நிபுணர் என்று புகழ் பெற்ற டாக்டர் எஸ். பத்மாவதி. அவரைப் பார்த்துத்தான் சிறுமிக்கு வைத்தியராகும் ஆசை பிறந்ததாம்.

1963-இல் புனா ராணுவ வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார். 1968-இல் விமானப் படையில் அதிகாரியானார். படை அதிகாரி பந்தோபாத்யாயாவை மணந்து பத்மா பந்தோபாத்யாயா ஆனார். 1971 யுத்தத்தின்போது பஞ்சாபிலுள்ள ஹல்வாரா விமான தளத்தில் பணி புரிந்தார். பின்னர் கணவனும் மனைவியும் ஒரே விழாவில் விசிஷ்ட சேவா பதக்கம் பெற்றார்கள். 1978-இல் நமது நீலகிரி வெலிங்டனிலுள்ள படை அதிகாரிகள் கல்லூரியில் தேறிய முதல் ஸ்திரீயும் இவரே. கடுங்குளிரில் மனித தேகம் எப்படி நடந்துகொள்கிறது என்று அறிய வடதுருவப் பிரதேசத்துக்கும் போய் வந்தார். 2004-இல் ஏர் மார்ஷல் ஆனார். இந்திய விமானப் படையில் அந்தப் பதவியை எட்டிய முதல் பெண் அவர். 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பெயரிலேயே இருந்த பத்மாவைக் கொடுக்கச் சர்க்காருக்கு இவ்வளவு காலம் பிடித்தது!

பதவிகளைக் காட்டிலும் அந்த உத்தியோகத்தின் தன்மையே நம்மை வியக்க வைக்கிறது. சாதாரண வைத்தியரிடம் வருகிறவன் இல்லாத நோயையும் சேர்த்துச் சொல்வான். ஆகாய வைத்தியரிடம் வருகிறவனோ இருக்கிற நோயையும் மறைப்பான். சொன்னால் பறக்க விடமாட்டார்களே! தலைவலியா, தூக்கமில்லையா, வீட்டில் துயரமா என்று குறிப்பறிந்து, "இன்று நீ பறக்கலாகாது" என்று ஒரு வீரனிடம் சொல்லும் துணிவு அந்த வைத்தியருக்கு வேண்டும். மறுநாள் அவனே நம்பிக்கையோடு திரும்பி வரும்படி சொல்லவும் தெரிய வேண்டும். நோயாளியைக் குணப்படுத்துவதைவிட இது கடினமான வித்தை என்றே நமக்குத் தோன்றுகிறது.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னோம். எலுமிச்சம்பழக்காரி மறுபடி எழுந்தாள். அவளுடைய தந்தை எரிவாயு லாரி ஓட்டுகிறவர். "எங்க அப்பாவுக்கு இப்படி யாரும் பாக்கறதில்லையே, சார்" என்றாள். தேக சௌக்கியச் சான்று இல்லாமல் உரிமம் புதுப்பிக்க முடியாதே என்றோம். சான்று இருந்ததாம், கையொப்பமும் இருந்ததாம். ஆனால் எழுத்தட்டையை யாரும் காட்டவில்லை. நாடியைத் தொட்டுப் பார்க்கவுமில்லை. எந்த ஊர், எந்த வைத்தியர் என்று நாம் கேட்டுக்கொள்ளவில்லை. பாரதமெங்கும் லாரி அனுப்பும் நமது ஜில்லாவில் இது ஒரு வீட்டுக் கதையாக மட்டும் இராது என்பது நமது சந்தேகம்.

பெற்றோர் கூட்டத்துக்கு அவர் வந்திருந்தபோது, வகுப்புக் கதவருகே நிறுத்திக் கரும்பலகையைப் படிக்கச் சொன்னோம். சிரித்துக்கொண்டே தொடங்கினார், இரண்டாவது வரியில் சிரிப்பு நின்றது. "நாளைக்கு நாக்பூர் லோடு இருக்குதுங்க சார், வந்து பாத்துக்கறேன்" என்றார். மகள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

மூக்குக் கண்ணாடி வந்த பிறகுதான் வண்டி புறப்பட்டது. இரண்டு நாள் தாமதம். முதலாளிக்கு நம்மீது இன்னும் கோபம் ஆறவில்லை என்று கேள்வி.