யார் வாங்குவது? எங்கே வாங்குவது?

அனகாபுத்தூர் நகராட்சி இன்று இல்லை. பம்மலும் பல்லாவரமும் செம்பாக்கமும் போலவே அதுவும் 2021 நவம்பரில் பிறந்த தாம்பரம் மாநகராட்சிக்குள் கலந்துவிட்டது. "இனி ஒரு பல்பு வாங்கவும் தாம்பரத்துக்குத்தான் நடக்க வேண்டுமோ?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். எழுபது வார்டுக்கும் ஒரே இடத்தில் வாங்குவதா, ஊருக்கு ஊர் வாங்குவதா?

நெசவாளத் தோழர்களுக்கு நாம் பாடம் சொல்லத் தேவையில்லை. தனியாகப் போய் இரண்டு கட்டு நூல் கேட்டால், கடைக்காரர் சொன்னதே விலை. சங்கமாகத் திரண்டு போனால், அதே கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போடுவார்! நூல் மாறவில்லை, கடை மாறவில்லை. கேட்கும் குரல்தான் மாறியது.

இந்த எளிய கணக்கை டில்லி 2021 மே மாதத்தில் மறந்தது. கொரோனா கொன்று குவித்த நாளில், தடுப்பூசியை மாநிலங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்றது. விளைவு? ஒரே கோவிஷீல்டு மருந்துக்கு ஒன்றிய அரசுக்கு 150 ரூபாய், மாநிலத்துக்கு 300, தனியார் மருத்துவமனைக்கு 600! ஒரே புட்டிக்கு மூன்று விலை! தமிழகம் 3.5 கோடி ஊசிக்கு உலகளாவிய டெண்டர் விட்டது. ஒரு கம்பெனியும் எட்டிப் பார்க்கவில்லை. ஜூன் 21 முதல் கொள்முதலில் பெரும்பகுதியை டில்லியே மீண்டும் ஏற்றது. மாநில உரிமை பேசும் நாமே சொல்கிறோம்: விலை பேசும் இடத்தில் பிரிந்து நின்றால், பிழைப்பவன் விற்பவன்.

அப்படியானால் எல்லாவற்றையும் மேலே கொடுத்துவிடுவதா? பொறுங்கள். 1994ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைப் பாருங்கள். எந்த ஆட்சியில் பிறந்தது என்று பார்த்து நாம் பாராட்டைச் சுருக்குவதில்லை. அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்துக்கு டெண்டர் ஒன்று, விலை ஒன்று. வந்த சரக்கின் மாதிரி, கம்பெனிப் பெயரை மறைத்து, சோதனைச்சாலைக்குப் போகிறது. ஆனால் எந்த மருந்து, எத்தனை என்று சென்னையில் உட்கார்ந்து யாரும் விதிப்பதில்லை! ஒவ்வொரு மருத்துவமனைக்கும் இவ்வளவு ரூபாய் என்று பாஸ் புத்தகம். அந்த வரம்புக்குள் தனக்கு வேண்டியதை மாவட்டக் கிடங்கில் எடுத்துக்கொள்ளலாம். அவசரத்துக்கு ஏறத்தாழ பத்து விழுக்காட்டுப் பணத்தில் உள்ளூரிலேயே வாங்கலாம். பாம்பு கடித்தவன் டெண்டர் முடியும்வரை காத்திருப்பானா? அந்தப் பத்து விழுக்காட்டில்தான் இந்த ஏற்பாட்டின் உயிர் இருக்கிறது என்பது நம் கருத்து. கேரளமும் ராஜஸ்தானும் பின்னர் இவ்வழியில் தமக்கும் கழகங்கள் அமைத்துக்கொண்டன.

இந்த அளவுகோலைத்தான் தாம்பரத்துக்கும் வைக்கிறோம். விளக்கையும் பிளீச்சிங் பவுடரையும் குழாயையும் மொத்தமாக விலை பேசட்டும், வரவேற்போம். ஆனால் அடையாற்றில் வெள்ளம் ஏறும் இரவில் கரையோரத் தெருவுக்கு மணல் மூட்டையும் மோட்டாரும் தேவைப்பட்டால், மண்டல அலுவலகமே வாங்கிக் கொடுக்க எத்தனை ரூபாய் வரைக்கும் அதிகாரம்? மழை வருமுன் இந்தத் தொகையை உங்கள் வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள். வாய்ச்சொல் வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள்.