மாமன்றத்துக்கு அதிகாரம் திரும்பட்டும்

சென்னை பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் தெருவிளக்கு எரியாவிட்டால் மாநகராட்சியிடம் சொல்ல வேண்டும். கழிவுநீர் பொங்கினால் குடிநீர் வாரியத்திடம். அடுக்குமாடி வீட்டின் காரை பெயர்ந்தால் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம். 2024 டிசம்பரில் இங்கே வாரியக் குடியிருப்பு ஒன்றின் ஜன்னல் சன்ஷேடு இடிந்து விழுந்து ஓர் இளைஞர் இறந்தார். அந்தக் கட்டடத்தைப் பழுதுபார்க்கச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம், அந்த மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த கவுன்சிலருக்கு இல்லை.

நகரம் பெருத்தால் உடனே வரைபடத்தைத்தான் கையில் எடுக்கிறார்கள். பெங்களூரு 2025 செப்டம்பரில் 5 மாநகராட்சிகளானது. அப்போதே அங்கு மாமன்றம் இல்லாமல் 5 ஆண்டுகள் ஓடியிருந்தன. 2012-இல் மூன்றாக உடைக்கப்பட்ட டெல்லி மாநகராட்சியோ, துப்புரவுத் தொழிலாளர்களின் சம்பளப் பாக்கிப் போராட்டங்களைப் பார்த்துவிட்டு, 2022-இல் மீண்டும் ஒன்றானது. சென்னை 2011-இல் 174 சதுர கி.மீ.யிலிருந்து 426 ஆக விரிந்தது. வார்டுகள் 155-லிருந்து 200 ஆயின. மாமன்றத்தின் அதிகாரம் மட்டும் விரியவில்லை.

இந்தக் குறை பழையது. மஸ்டர் ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு) ஊழலை அடுத்து 1973-இல் கலைக்கப்பட்ட மாமன்றத்துக்கு 1996 வரை தேர்தலே நடக்கவில்லை. மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் கேள்வி கேட்க யாரும் இல்லாத அந்த இடைவெளியில்தான், 1978-இல், குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியத்துக்குப் போயின. குடிசைப் பகுதிகளின் பொறுப்பு 1970-லேயே இன்னொரு வாரியத்திடம் சென்றிருந்தது. மாமன்றம் திரும்பி வந்தது. பறிபோன பொறுப்புகள் வரவில்லை. 2016 அக்டோபருக்குப் பிறகும் மாமன்றம் இல்லாமல் 5 ஆண்டுகளுக்கு மேல் தனி அதிகாரியின் ஆட்சிதான்.

1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. நகரத் திட்டமிடல், குடிநீர், குடிசைப் பகுதி மேம்பாடு மூன்றுமே அதில் உண்டு. ஒப்படைப்பது மாநில அரசின் விருப்பம் என்பதால், எந்தக் கட்சி ஆண்டாலும் மனம் வருவதில்லை.

பொறியியல் வேலை கவுன்சிலர்கள் கையில் போனால் ஊழல் பெருகும் என்பார்கள். அந்த அச்சத்தை ஒதுக்க முடியாது. ஆனால், ஊழலுக்குத் தண்டனை தர மக்களிடம் தேர்தல் இருக்கிறது; வாரியங்களை அவர்கள் தொடவே முடியாது. பொறியாளர்கள் அவரவர் இடத்திலேயே இருக்கட்டும். மேயர் தலைமையிலான மாமன்றத்துக்கு அவர்கள் கணக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இதைச் சட்டமாக்க வேண்டியது மாநில அரசு. அதுவரை, 2022 நவம்பர் 1 முதல் வார்டுகளில் மக்கள் கூடத் தொடங்கிய பகுதி சபைகளில் வாரிய அதிகாரிகளும் கட்டாயம் உட்கார வேண்டும். சீனிவாசபுரத்துக் கட்டடங்களின் உறுதி பற்றிய அறிக்கையை அங்கே மக்கள் முன் படிக்கட்டும். அதற்கு ஓர் அரசாணை போதும்.