லீவுக்கு முன் ஒரு பாடம் பாக்கி!



அரையாண்டுத் தேர்வு முடிந்தால் உங்களுக்குக் கொண்டாட்டம்தான். கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று வரிசையாக லீவு. கடலூர்ப் பிள்ளைகள் சில்வர் பீச்சுக்குப் போவீர்கள். சிதம்பரத்துப் பிள்ளைகள் பிச்சாவரத்தில் படகு ஏறுவீர்கள். ஊரிலிருந்து சித்தப்பா, அத்தை குடும்பம் வந்துவிட்டால் இரண்டும் உண்டு! தாராளமாகப் போய் வாருங்கள். 'கடல் பக்கமே போகாதே' என்று மிரட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால், கடலோர ஊர்களில் லீவு விடுவதற்கு முன், கடலைப் பற்றி ஒரு பாடம் நடத்திவிட்டுத்தான் பிள்ளைகளை அனுப்ப வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

2004ம் ஆண்டு கிறிஸ்துமசைக் கொண்டாட, இங்கிலாந்தைச் சேர்ந்த டில்லி ஸ்மித் என்ற 10 வயதுச் சிறுமி, அப்பா, அம்மா, தங்கையோடு தாய்லாந்து நாட்டின் புக்கெட் தீவுக்குப் போயிருந்தாள். டிசம்பரில் அவர்கள் ஊரில் எலும்பை உறைய வைக்கும் குளிர். அதனால், வெயில் காயும் கடற்கரையைத் தேடி வந்திருந்தார்கள். (நாம் வெயிலுக்குப் பயந்து ஊட்டிக்கு ஓடுகிறோம், அவர்கள் வெயிலைத் தேடி ஓடி வருகிறார்கள்!)

மறுநாள், டிசம்பர் 26 காலையில், மாய் காவோ கடற்கரையில் நடந்துகொண்டிருந்தார்கள். அலை வந்து திரும்பிப் போக வேண்டும் அல்லவா? அன்று தண்ணீர் திரும்பிப் போகாமல், நுரைத்துக்கொண்டு மேலே மேலே ஏறி வந்தது. இரண்டு வாரத்துக்கு முன்புதான் அவளுடைய புவியியல் ஆசிரியர் சுனாமி பற்றி வகுப்பில் பாடம் நடத்தியிருந்தார். சட்டென்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கத்தினாள். அம்மாவுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. அவள் விடவில்லை. அப்பா போய் ஹோட்டல் காவலரிடம் சொன்னார். கடற்கரையில் இருந்த சுமார் 100 பேரும் வெளியேறித் தப்பினார்கள்.

அதே காலை, நம் கரையில் என்ன நடந்தது? சுமத்ரா அருகே கடலடியில் பூமி அதிர்ந்தபோது நம் கடிகாரத்தில் மணி 6.29. அங்கிருந்து கடலூர் சுமார் 2,000 கி.மீ. தூரம். அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரண்டு மணி நேரம்! தேவனாம்பட்டினத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூருக்குப் பொடிநடையாகவே போய்ச் சேர்ந்துவிடலாமே! ஆனால், சொல்வதற்கு ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, அதுவும் லீவு நாள். கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் உங்கள் வயதுப் பிள்ளைகள் ஏராளம்.

ஆள் இருந்த இடத்தில் கதையே வேறு. கடலூருக்கு வடக்கே, புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்ற மீனவ கிராமம் இருக்கிறது. அந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். அவர் செய்தியைக் கேட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊரில் இருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில், 'எல்லாரும் ஓடுங்கள்' என்று அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் பிழைத்தன.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'கடல் உள்வாங்கினால்தான் சுனாமி' என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. அன்று கடல் தரை ஒரு பக்கம் உயர்ந்து, மறுபக்கம் தாழ்ந்தது. தாழ்ந்த பக்கம் இருந்த தாய்லாந்துக் கரையில் பல இடங்களில் கடல் முதலில் உள்வாங்கியது. உயர்ந்த பக்கம் இருந்த நமக்கோ, பெரும்பாலும் தண்ணீர்தான் முதலில் வந்தது. பிறகு வடிந்தது. மறுபடி வந்தது. வடிந்ததைப் பார்த்து, 'அவ்வளவுதான், முடிந்தது' என்று இறங்குவது ஆபத்து. சங்கு, கிளிஞ்சல் பொறுக்க அது நேரம் இல்லை.

பிச்சாவரம் போகிறவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. படகில் போகும்போது அந்தக் காட்டை நன்றாகப் பாருங்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழைய பெயரைத் தந்த தில்லை மரம் அங்கே உண்டு. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சுனாமியின் சேதம் குறைவு என்று அண்ணாமலைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2005ல் எழுதினார்கள். 'காடு மட்டும் காரணம் அல்ல. ஊர் எவ்வளவு மேடு, கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்பதும் காரணம்' என்று வேறு சிலர் மறுத்தார்கள். இரண்டு தரப்பையும் வகுப்பில் பேசலாமே! மனப்பாடம் செய்வதைவிட அது நல்ல பாடம்.

ஐதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. நல்லதுதான். ஆனாலும், எச்சரிக்கை அலுவலகத்துக்கு வந்தால் போதாது. மணலில் விளையாடும் உங்களுக்கு வந்து சேர வேண்டும்.

இந்தப் பக்கத்தை எட்டிப் பார்க்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை ஏதாவது சொன்னால், 'பெரியவங்க பேசும்போது சும்மா இரு' என்று அடக்கும் பழக்கம் நம்மிடம் அதிகம். டில்லியின் அப்பாவும் அப்படிச் சொல்லியிருந்தால், பாடம் நடத்திய ஆசிரியரின் உழைப்பு அத்தனையும் வீணாகியிருக்கும்.

சரி, இந்த லீவில் சில்வர் பீச் போனதும், விளையாட இறங்குவதற்கு முன் வீட்டாரிடம் கேளுங்கள்: "இங்கிருந்து ஓடணும்னா எந்த வழி? பக்கத்துல உயரமான மாடிக் கட்டடம் எது?" அப்பா விழித்தால், சுண்டல் விற்கும் அண்ணனைக் கேளுங்கள். அவர் தேவனாம்பட்டினத்துக்காரராக இருந்தால், கை நீட்டிக் காட்டுவார்.