மண்வெட்டியை எடுக்க முன் ஒரு பிடி மண்ணை எடுங்கள்

 

ஒருவழியாக மழை விட்டிருக்கிறது. நாலு நாளாக நல்ல வெயில். நேற்றுப் பின்னேரம் பாடசாலை விட்டு வரும்போது பார்த்தேன், லயத்துக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலங்களில் ஆட்கள் இறங்கிவிட்டார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. கிட்டப் போனதும் கவலையாகிவிட்டது. ஒவ்வொரு கொத்துக்கும் மண்வெட்டி ஒரு கட்டிச் சேற்றைத் தூக்கிக்கொண்டு வருகிறது. அதைக் குச்சியால் சுரண்டிவிட்டு மறுபடி வெட்டுகிறார்கள்.

அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். என் வாப்பா பதுளை பஸாரில் மரக்கறிக் கடை வைத்திருந்தவர். எனக்குக் கரட்டின் விலை தெரியும், கரட்டின் மண் தெரியாது. ஆசிரியர் கலாசாலையில் விவசாயத்தைப் பற்றிப் படித்தோம், குறிப்பு எழுதினோம், சோதனை பாஸ் பண்ணினோம். கையில் மண் பட்டது குறைவு.

சில வருடங்களுக்கு முன்பு பாடசாலைத் தோட்டத்தை என் பொறுப்பில் விட்டார்கள். தை மாதக் கடைசி. அடுத்த கிழமை வெளியிலிருந்து பார்க்க வருகிறார்கள், அதற்குள் பாத்தி போட்டிருக்க வேண்டும் என்று சொன்னார்கள். முதல் நாள் வரைக்கும் மழை. நான் பிள்ளைகளை இறக்கினேன். முப்பது பிள்ளைகள் இரண்டு நாள் மிதித்து வெட்டினார்கள். பாத்தி நேராக, அழகாக இருந்தது. படமும் எடுத்தார்கள்.

அந்த வழியால் போன ஒரு மாணவியின் பாட்டி, ஐம்பது வருடம் கொழுந்து எடுத்த மனுஷி, குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்தார். "சேர், இது இன்னும் களியா இருக்குங்க. இப்ப வெட்டுனா கல்லாயிரும்" என்றார். நான் சிரித்துவிட்டு, "பரவாயில்லை பாட்டி, வெயில் வந்தால் சரியாகும்" என்றேன்.

வெயில் வந்தது, மண் கல்லானது. பெப்ரவரி நடுவில் பாத்தியில் குச்சி இறங்கவில்லை. முளைத்த கரட் எல்லாம் இரண்டு மூன்று கவராகப் பிரிந்து, விரல் நீளத்தில் நின்றுவிட்டது. போஞ்சி விதையில் பாதி முளைக்கவே இல்லை. தோண்டிப் பார்த்தால் அழுகியிருந்தது. அந்தப் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்த பார்வை இன்னும் மனதில் இருக்கிறது.

ஏன் அப்படி நடந்தது? எங்கள் பக்கத்து மண் பெரும்பாலும் சிவப்பும் மஞ்சளும் கலந்த, களித்தன்மை உள்ள மண். நல்ல மண்ணுக்குள் சின்னச் சின்ன இடைவெளிகள் இருக்கும். அதன் வழியாகத்தான் வேருக்குக் காற்றும் தண்ணீரும் போகும். ஈரம் நிறைந்திருக்கும்போது மிதித்தாலோ வெட்டினாலோ அந்த இடைவெளிகள் நசுங்கி அடைபட்டுவிடும். பிறகு வெயில் பட்டால் செங்கல் போல இறுகும். கரட் வேர் நேரே இறங்க வழியில்லாமல் பக்கத்தில் கவர் விடும். எங்கள் மலையில் தை மாத இரவுக் குளிரும் சேர்ந்தால், ஈர மண்ணுக்குள் போஞ்சி விதை முளைக்க முன்பே அழுகும். ஒரு நாள் அவசரத்தில் கெடுத்த மண், அந்தப் போகம் முடியும் வரை கையைக் கொடுக்காது.

இன்னொன்று, எங்கள் நிலம் சரிவு. ஈரம் வடியாத சரிவைக் கிளறிவிட்ட பிறகு ஒரு மழை வந்தால் மேல் மண் அப்படியே ஓடைக்குப் போய்விடும். வெலிமடைப் பக்கத்துத் தோட்டங்களில் கரையும் மண் உமா ஓயாவில் விழுந்து ரந்தம்பே நீர்த்தேக்கம் வரைக்கும் போய்ப் படிகிறது. அது நாங்கள் எரு போட்டு வளர்த்த மண்.

அப்படியென்றால் எப்போது வெட்டுவது? அந்தப் பாட்டி செய்ததுதான் முறை. விவசாயப் புத்தகங்களும் அதையேதான் சொல்கின்றன.

மேல் மண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். இரண்டு நாள் வெயிலில் மேலே காய்ந்துவிடும், உள்ளே சேறாக இருக்கும். ஆறு அங்குலம் தோண்டி, அந்த ஆழத்திலிருந்து ஒரு பிடி எடுங்கள். இறுக்கிப் பிடித்து உருண்டையாக்குங்கள். இடுப்பளவு உயரத்திலிருந்து கீழே விடுங்கள். உருண்டை உதிர்ந்து சிதறினால் மண் தயார். தட்டையாகி அப்படியே கிடந்தால், அல்லது பிடிக்கும்போதே விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால், மண்வெட்டியை வீட்டில் வைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்துத் திரும்பப் பாருங்கள். உருண்டையே பிடிக்காமல் தூளாகப் போனால் மண் அதிகம் காய்ந்துவிட்டது. முதல் நாள் பின்னேரம் தண்ணீர் விட்டு மறுநாள் வெட்டுங்கள்.

ஒரே இடத்தில் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம். சரிவின் மேல் பக்கம் முதலில் காயும். கான் ஓரமும் மர நிழலும் ஒரு கிழமை பிந்தும். காய்ந்த பாத்தியை மட்டும் இன்றைக்கு வெட்டுங்கள், மற்றது நிற்கட்டும்.

காத்திருங்கள் என்றால் சும்மா இருங்கள் என்று அர்த்தமில்லை. தண்ணீர் வடியக் கான் வெட்டலாம். புல்லை மேலோடு அரிந்து குவிக்கலாம். கோவா, லீக்ஸ் நாற்றுக்குச் சின்ன மேடை போடலாம். பழைய தேயிலை நிலமாக இருந்தால் மண்ணில் புளிப்பு அதிகம் இருக்கும். தேயிலைக்கு அது பிடிக்கும், மரக்கறிக்குப் பிடிக்காது. அதற்கு டொலமைட் தேவை. அதையும் மண் பக்குவமான பிறகு, நடுவதற்கு இரண்டு கிழமையாவது முன்பு கலக்க வேண்டும். யூரியாவோடு சேர்த்துப் போட்டால் பசளையின் சத்து காற்றோடு போய்விடும். எவ்வளவு போடுவது என்று கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள், அல்லது 1920க்கு அழைத்துக் கேளுங்கள்.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம்.

எங்கள் மக்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. அந்தப் பாட்டிக்குத் தெரிந்தது எனக்குத்தான் தெரியவில்லை. தோட்டத்தில் வேலை செய்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் கிடைக்கிறது. அன்றைக்கு மண் சேறாக இருந்தாலும் வெட்டினால்தான் உண்டு, இல்லையென்றால் இன்னும் ஒரு கிழமை போய்விடும். அதற்கு மேல் விதை கொடுக்கும் திட்டங்களும் பாடசாலை நிகழ்ச்சிகளும் திகதி வைத்து வருகின்றன. விதையைக் கொடுத்து, படம் எடுத்து, அடுத்த கிழமை நட்டாயிற்றா என்று கேட்கிறார்கள். பிறகு பயிர் சரிவராவிட்டால், "தோட்டத்து ஆட்களுக்குப் பயிர் செய்யத் தெரியாது" என்று பேச்சு. ஒரு நாள் சம்பளத்தைக் கொடுத்து நாற்று வாங்கியவன் அந்தப் பேச்சையும் சேர்த்து வாங்குகிறான்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள், நவம்பரில் விலக்கினார்கள். மேலே இருந்து ஒரு திகதியைப் போட்டு மண்ணை மாற்ற ஏலாது என்று நாடே அப்போது பட்டுத் தெரிந்துகொண்டது. சின்ன அளவில் அதையே நாங்கள் வருடா வருடம் செய்துகொண்டிருக்கிறோம்.

"பொறுத்தால் சித்திரை வருடப்பிறப்பு விலை போய்விடும் சேர்" என்று சிலர் சொல்வார்கள். நியாயமான கேள்வி. கடைக்காரன் மகனாகச் சொல்கிறேன், கவர் விட்ட கரட்டுக்கு வருடப்பிறப்பிலும் விலை இல்லை. வாப்பா அதை ஒதுக்கி வைத்துப் பாதி விலைக்குத்தான் கொடுப்பார். ஐந்து நாள் பிந்தி நட்ட நல்ல பயிர், முந்தி நட்ட கெட்ட பயிரை விட முந்தி வளர்ந்துவிடும். ஆனால் அளவுக்கு மிஞ்சிப் பொறுக்கவும் கூடாது. பெப்ரவரி, மார்ச் வெயிலில் ஈரம் சீக்கிரம் போய்விடும். அதனால்தான் நாளை எண்ணாமல் மண்ணைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன். நல்ல நாள் பார்ப்பவர்கள் அன்றைக்குக் காய்ந்த மூலையில் நாலு நாற்று நட்டுத் தொடங்குங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

என் வேண்டுகோள் மூன்று. விதை கொடுப்பவர்கள் ஒரு திகதியைச் சொல்லாமல், மண் தயாரானதும் நட மூன்று கிழமை அவகாசம் கொடுங்கள். சக ஆசிரியர்களே, படத்துக்காகப் பிள்ளைகளைச் சேற்றில் இறக்காதீர்கள். அவர்களுக்கு அந்த ஒரு பிடி மண்ணைப் பிடித்துப் பார்க்கப் பழக்குங்கள். லயத்தில் இருப்பவர்களே, வேலை விட்டு வரும் வழியில் தினமும் ஐந்து நிமிடம் மண்ணைப் பாருங்கள். தயாரான பாத்தியை நாலு வீட்டார் சேர்ந்து ஒரு பின்னேரத்தில் வெட்டிவிடலாம், ஞாயிறு வரைக்கும் நிற்கத் தேவையில்லை.

இந்த முறை எங்கள் பாடசாலைத் தோட்டத்தில் மேல் பாத்தி இரண்டும் தயார். கீழ்ப் பாத்தி இன்னும் களியாக இருக்கிறது. புதன்கிழமை திரும்பப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். அந்தப் பாட்டியையும் வரச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை அவர் சொன்ன பிறகுதான் மண்வெட்டி எடுப்பது.

உங்கள் பக்கம் மண் எப்படி? பசறை, ஹாலிஎல, பண்டாரவளை, வெலிமடைக்காரர்கள் ஒரு பிடி எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள்.