ராமேஸ்வரத்தில் இரண்டு இரவு தங்குங்கள்

வாஷியில் எங்கள் குடியிருப்பில் பரீட்சை முடிந்தாலே பாலியா, தாய்லாந்தா என்றுதான் பேச்சு. பழைய நகரமும் வேண்டும், தீவில் ஓய்வும் வேண்டும் என்றால் என் வாக்கு மதுரைக்கும் ராமேஸ்வரத்துக்கும்தான்.

நம் பிள்ளைகளுக்கு மதுரை என்றால் தாத்தா வீடு, கல்யாண மண்டபம். திருமலை நாயக்கர் மகாலின் தூணை அவர்கள் இரு கையாலும் கட்டிப்பிடித்துப் பார்க்கட்டும், கை எட்டாது. 2023-ல் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள்.

1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் வந்ததால் மதுரையிலிருந்து மறுபடி ரயிலிலேயே தீவுக்குப் போகலாம். இருபுற ஜன்னலிலும் கடல்.

ஆனால் நம்மவர்கள் செய்வது என்ன? காலையில் இறங்கி, 22 தீர்த்தத்திலும் நனைந்து, தரிசனம் முடித்து, ஈரத்துணியைப் பையில் திணித்துக்கொண்டு மதியமே வண்டி ஏறுகிறார்கள். எனக்கு இது ஆதங்கமாகவே இருக்கிறது. தங்கினால்தான் கோயிலின் கூட்டமில்லாத மூன்றாம் பிரகாரத்தில் நிதானமாக நடக்கலாம். 1964 புயல் விட்டுவைத்த தனுஷ்கோடி தேவாலயச் சுவரருகே அவசரமின்றி நிற்கலாம். அங்கே மாலையானால் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், காலையிலேயே கிளம்புங்கள்.

நம் நவி மும்பைக் கழிமுகத்துக்கு வரும் பூநாரைகள் குளிர்காலத்தில் தனுஷ்கோடியிலும் உண்டு. 2025-ல் தமிழக அரசு அப்பகுதியைச் சரணாலயமாகவே அறிவித்தது. அதனால் மே மாதம் வேண்டாம், டிசம்பர் கடைசி விடுமுறைக்கு இப்போதே டிக்கெட் எடுங்கள்.