கடைமடையின் வரைபடம்

நாகப்பட்டினம் மாவட்டம் என்றால் வேளாங்கண்ணி, நாகூர், சிக்கல், சோழர் துறைமுகம், சூடாமணி விகாரம், வேதாரண்யம் உப்பு என்று கையேடுகள் சொல்கின்றன. எதுவும் பொய்யில்லை. 1991இல் தஞ்சையிலிருந்து பிரிந்தோம், 1997இல் திருவாரூர் தனியானது, 2020இல் மயிலாடுதுறை தனியானது என்ற பாகப்பிரிவினைக் கணக்கும் கூடவே வரும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள்; செய்யட்டும். ஆனால் இந்த மண்ணில் பத்துப் பேரில் மூவராக வாழும் நம் மக்கள் எந்த இடத்தில் குடியிருக்கிறார்கள், ஏன் அந்த இடத்தில் குடியிருக்கிறார்கள் என்ற கேள்வி எந்தக் கையேட்டிலும் இல்லை. இந்த மாவட்டத்தின் வரலாறும் புவியியலும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கின்றன என்கிறோம் நாம்.

முதலில் தண்ணீரைப் பார்ப்போம். மேட்டூரில் ஜூன் 12இல் திறந்தாலும், கல்லணையில் பிரிந்து, வெண்ணாறாகி, வெட்டாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, ஓடம்போக்கியாறு என்று கிளைத்து, எல்லா ஊரும் குடித்து முடித்த பிறகுதான் நமக்கு வரும். அதனால்தான் நம்மைக் கடைமடை மாவட்டம் என்கிறார்கள். இது எல்லோரும் பேசுகிற சங்கதி. விவசாயச் சங்கங்கள் ஆண்டுதோறும் மனுக் கொடுக்கின்றன. யாரும் பேசாதது, ஊருக்குள்ளேயும் ஒரு தலைமடையும் ஒரு கடைமடையும் இருப்பதுதான். மேட்டில் ஊர், பள்ளத்தில் வடிகாலை ஒட்டிச் சேரி. பாசனக் காலத்தில் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்துக்கு, ஐப்பசி அடைமழையில் வெள்ளம் முதலாவதாக வந்துவிடுகிறது. திணை இலக்கணம் மருத நிலத்து மக்களைச் சொல்லும்போது கடையர், கடைசியர் என்கிறது. மடைக்கு இருந்த கடை ஆளின் பெயரிலும் ஒட்டிக்கொண்டது.

இந்த அமைப்பு தானாக வந்ததல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள், கோயிலுக்கு வரி தரவேண்டிய ஊர்களில் வரி இல்லாத இடங்களைக் கழித்துக் கணக்குச் சொல்கின்றன. அந்தக் கழிவில் ஊர்நத்தம் தனியாக, பறைச்சேரி தனியாக, சுடுகாடு தனியாக வருகின்றன. சில ஊர்களில் தீண்டாச்சேரி என்றே இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அளந்து, எல்லை கட்டி, கல்லில் வெட்டிவிட்டார்கள். கோபுரத்தின் உயரத்தைக் கேட்கிற பாடம் இதைக் கேட்பதில்லை.

சேரி நிற்கிற மண்ணும் நமதாக இருக்கவில்லை. பண்ணையாளின் குடிசை மிராசுதாரின் நிலத்தில் நின்றது. எதிர்த்துப் பேசினால் வேலை மட்டும் போகாது, கூரையும் போகும். சாட்டையடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராக 1940களில் கீழத்தஞ்சையில் பி. சீனிவாசராவ் முதலானோர் செங்கொடியின் கீழ் நம் மக்களைத் திரட்டியபோது, இந்தப் பயத்தைத்தான் முதலில் உடைக்க வேண்டியிருந்தது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வந்ததும் பல மிராசுகள் பண்ணையாள்களைக் கழித்துவிட்டு அன்றாடக் கூலிக்கு மாறிக்கொண்டார்கள்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் நடந்ததையும் இந்தப் புவியியலோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கூலி உயர்வு கேட்டவர்கள், கொடியை இறக்க மறுத்தவர்கள் குடியிருந்த தெரு அது. தப்பி ஓட வழியற்று, ஒரே குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரிந்து போனார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ்நீதிமன்றம் கொடுத்த தண்டனையை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்துசெய்து நிலக்கிழார்களை விடுவித்தது. நிறைய நிலமும், ஒருவர் காரும் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களா என்ற சந்தேகம் அந்தத் தீர்ப்பில் இருந்தது. செத்தவர்கள் நடந்த வரப்பில் அவர்கள் கால் படாது என்பது சாட்சியாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது.

வெண்மணிக்குப் பிறகுதான், 1971இல், குடியிருப்பு மனைகளை அதில் வாழ்கிறவருக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. நம் பார்வையில் இந்த மாவட்டத்தின் வரலாற்றில் துறைமுகத்தைவிடப் பெரிய செய்தி அது. அந்த மனைப்பட்டா கையில் வந்த பிறகுதான் ஒரு வீட்டுக்காரர் முதலாளி முன்னால் நிமிர்ந்து கூலி பேச முடிந்தது. அதன் பிறகு கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981இல் தொடங்கிய உழுபவனின் நில உரிமை இயக்கம், நிலத்தை விலைபேசி வாங்கிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குக் கொடுத்தது. பட்டா பெண்கள் பெயரில். கடலோரத்தில் இறால் பண்ணைகள் வந்து வயலும் குடிநீரும் உப்பானபோது ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது.

ஆனாலும் வேலை முடிந்துவிடவில்லை. கோயில், மட நிலங்களில் அடிமனைக்காரர்களாக இருப்போரின் நிலை இன்னும் இழுபறிதான். பட்டா இல்லாத மனையில் தொகுப்பு வீடு கட்ட முடியாது. கீற்றுக் கொட்டகையைக் காற்று கொண்டுபோகும். 2018 நவம்பரில் கஜா கொண்டுபோனது. சுடுகாட்டுக்குப் பாதை இல்லாமல் கழனிக்குள் இறங்கிப் பாடை தூக்குகிற ஊர்களும் உண்டு. நடவு முடிந்த வயலில் யாராவது செத்தால் அன்றைக்குச் சண்டைதான்.

மாணவத் தம்பி தங்கைகளிடம் ஒரு வேலையைக் கேட்கிறோம். கிராம நிர்வாக அலுவலரிடம் உங்கள் ஊர் வரைபடம் இருக்கிறது. அதன் நகலில் மேடு, பள்ளம், வாய்க்காலின் தலைப்பு, வடிகால், சேரி, இரண்டு சுடுகாடுகள், அவற்றுக்குப் போகிற வழி எல்லாவற்றையும் குறியுங்கள். எந்த மனைக்குப் பட்டா இருக்கிறது, எந்த மனை யார் பெயரில் கிடக்கிறது என்று அ பதிவேட்டைப் பார்த்து எழுதுங்கள். தாத்தா பாட்டிகளைக் கேட்டால் அந்தக் குடிசை முன்பு எங்கே இருந்தது, யார் கிளப்பிவிட்டார்கள் என்பதும் கிடைக்கும். அடுத்த கிராமசபையில் அந்தத் தாளை மேசைமேல் விரித்து வையுங்கள். பட்டாவுக்கு ஒரு தீர்மானம், சுடுகாட்டுப் பாதைக்கு ஒரு தீர்மானம் என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள், நகலும் கேட்டு வாங்குங்கள்.