தாயாவது குற்றமா?

கல்யாணமான பெண்ணுக்கு வேலை இல்லை. பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பதவி உயர்வு இல்லை. இப்படி ஒரு விதி எந்தச் சட்டப் புத்தகத்திலும் அச்சாகவில்லை. ஆனால் ஆலை வாசலிலும், ஆபீஸ் மேஜையிலும், வயல் வரப்பிலும் இந்த எழுதாத விதிதான் ஆட்சி செய்கிறது. அரக்கோணம் வட்டாரத்து உழைப்பாளிப் பெண்களுக்கு இதை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் எழுந்து சோறாக்கி, பிள்ளையை மாமியாரிடமோ அடுத்த வீட்டாரிடமோ விட்டுவிட்டுச் சென்னை ரயிலுக்கு ஓடுகிறவர்களும், திருத்தணிப் பக்கம் தறிக்கும் கழனிக்கும் போகிறவர்களும் இதை அன்றாடம் அனுபவித்து வருகிறார்கள்.

அரக்கோணத்திலிருந்து வெகு தூரமில்லை ஸ்ரீபெரும்புதூர். அங்கே ஐபோன் தயாரிக்கும் பாக்ஸ்கான் ஆலையில், கல்யாணமான பெண்களை உற்பத்தி வரிசை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூன் மாதம் ராய்ட்டர் செய்தி நிறுவனம் விசாரித்து வெளியிட்டது. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், லீவு என்று பல காரணங்கள் சொல்லப்பட்டனவாம். நாங்கள் பேதம் பார்ப்பதில்லை என்று கம்பெனி மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. அதிகாரிகள் ஆலைக்குப் போனார்கள். அவர்களிடம் நிர்வாகம் கொடுத்த கணக்கு என்ன? ஆலையில் 33,360 பெண்கள். அவர்களில் கல்யாணமானவர்கள் சுமார் 2,750 பேர். நூற்றுக்கு எட்டுப் பேர்! மறுப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தக் கணக்குக்கு என்ன பதில் என்று நாம் கேட்கிறோம்.

சட்டம் என்ன செய்தது? ஆளெடுப்பில் ஆண், பெண் என்று பேதம் காட்டக் கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் கூறியது. ஆனால் கல்யாணமானவள், ஆகாதவள் என்று பெண்களுக்குள்ளேயே பேதம் காட்டினால் என்ன செய்வது என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அந்த ஓட்டை வழியேதான் தனியார் முதலாளிமார் தாராளமாகப் புகுந்து போகிறார்கள்.

“தாய்மார்களை வைத்துக் கொண்டு ஆலை நடத்தினால் நஷ்டம்” என்பது முதலாளிகளின் பழைய பாட்டு. இந்தப் பாட்டால் என்ன நேர்ந்தது என்பதைப் பம்பாய்ப் பஞ்சாலைகள் சொல்லும். 1920களில் அங்கே வேலை செய்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பெண். 1929ல் பம்பாய் மாகாணத்தில் பிரசவ உதவிச் சட்டம் வந்தது. 1948ஆம் ஆண்டின் பாக்டரி சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. இரவு ஷிப்டில் பெண்கள் கூடாது என்றது. முதலாளிகள் என்ன செய்தார்கள்? காப்பகம் கட்டவில்லை; பெண்களைக் கழித்துக் கட்டினார்கள். புது யந்திரம் வந்தது, மூன்று ஷிப்ட் வந்தது; பெண்கள் வெளியே போனார்கள். 1970களில் அந்த ஆலைகளில் பெண்கள் நூற்றுக்குச் சிலராகிவிட்டார்கள்.

இதிலிருந்து, சட்டமே வேண்டாம், சட்டம்தான் பெண்ணின் வேலையைப் பறித்தது என்று சிலர் வாதம் செய்கிறார்கள். இது தவறான வாதம். வேலையைப் பறித்தது சட்டமல்ல, சட்டத்தில் இருந்த ஓட்டை. பெண்களை எண்ணிக் காப்பகம் என்றால், பெண்களைக் குறைத்துத் தப்பிக்கலாம். பெண்ணை வேலைக்கு வைத்த முதலாளி மட்டும் பிரசவச் சம்பளம் தர வேண்டும் என்றால், பெண்ணையே வைக்காமல் தப்பிக்கலாம். பரிகாரம் சட்டத்தை ஒழிப்பதல்ல, ஓட்டையை அடைப்பதே.

அடைக்க முடியும் என்பதற்கு அத்தாட்சியும் உண்டு. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரச் சம்பளத்துடன் லீவு தந்தது. அதோடு, ஆணும் பெண்ணுமாக மொத்தம் ஐம்பது பேர் வேலை செய்தாலே காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை பிள்ளையைப் போய்ப் பார்க்கலாம் என்றது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இந்த விதி இருக்கிறது. இனி பெண்களைக் கழித்துக் காப்பகத்திலிருந்து தப்ப முடியாது. இ.எஸ்.ஐ. திட்டமோ இன்னும் ஒரு படி மேல். எல்லாத் தொழிலாளிக்கும், ஆணானாலும் பெண்ணானாலும், முதலாளியும் தொழிலாளியும் சந்தா கட்டுகிறார்கள். பிரசவச் சம்பளம் அந்தப் பொது நிதியிலிருந்து வருகிறது. ஒரு தாயின் பாரத்தை எல்லோரும் சுமக்கும்போது, அவளை வாசலில் நிறுத்த முதலாளிக்குச் சாக்குக் கிடையாது.

உள்ளே நுழைந்தவளாவது மேலே ஏற முடிகிறதா? அதுவும் இல்லை. வெளிநாட்டு இலாகாவின் முதல் பெண் அதிகாரி முத்தம்மா, கல்யாணத்துக்கே சர்க்காரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்ற விதியையும், பதவி உயர்வில் நடந்த அநீதியையும் எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. 1979ல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடிந்து தீர்ப்பு எழுதினார். அவர் பெரிய உத்தியோகஸ்தர். சாதாரண ஊழியர் கதி? தமிழ்நாடு அரசில் 2021 முதல் பிரசவ லீவு ஓராண்டு, நல்ல ஏற்பாடுதான். ஆனால் வேலையில் சேர்ந்த புதிதில், தகுதிகாண் பருவத்தில், பிள்ளை பெற்றால் அந்த ஓராண்டு கணக்கில் சேராது. உடன் சேர்ந்த ஆண் முன்னே போவான். இவள் பணிமூப்பில் பின்னே நிற்பாள். அந்த லீவும் தகுதிகாண் காலத்தில் சேரும் என்று சட்டமன்றத்தில் அறிவிக்க 2025 ஏப்ரல் வரை ஆயிற்று.

நம் அரக்கோணம் ரயில்வே ஊர். 1856ல் தென்னாட்டின் முதல் ரயில் ஓடிய பாதையில் இருப்பது. மின்சார எஞ்சின் ஷெட் உள்ள ஊர். 1980களில் சுரேகா யாதவ் எஞ்சின் ஓட்டும் வேலையில் சேர்ந்து வழி திறந்தார். இன்று நாடெங்கும் பெண்கள் எஞ்சின் ஓட்டுகிறார்கள். ஆனால் பெரும்பாலான எஞ்சின்களில் கழிப்பிடம் இல்லை. சாப்பிடவும் கழிப்பிடம் போகவும் இடைவேளை கேட்டால், நடக்காத காரியம் என்று 2025ல் ரயில்வே போர்டு கைவிரித்தது. கர்ப்பிணி எஞ்சினை விட்டு இறங்கினால், ஓடிய கிலோமீட்டருக்குக் கிடைக்கும் படியும் அவளை விட்டு இறங்கிவிடுகிறது. இந்த நிலையில், தாய்மார்கள் தாங்களே வேறு வேலைக்கு மாற்றிவிடுங்கள் என்று மனுப் போடுகிறார்கள். பிறகு, “பெண்களுக்கு இந்த வேலை சரிப்படாது” என்று பேசுவது எந்த ஊர் நியாயம்?

இவ்வளவும் சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் பாடு. நாற்று நடும் தாய்க்கு எந்தப் பட்டியலில் பெயர்? 2000ஆம் ஆண்டில் டில்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்கள் வழக்கில், மஸ்டர் ரோல் கூலிக்கும் பிரசவ உதவி உண்டு என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆனால் கழனிக்கு முதலாளி இன்று ஒருவர், நாளை ஒருவர், யாரிடம் கேட்பது? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலுள்ள திட்டம் ஏழைத் தாய்க்கு ரொக்கமும் சத்துணவுப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் தருகிறது. இதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் ஆலைப் பெண்ணுக்குரிய 26 வாரத்துக்கு, அதாவது 182 நாளுக்கு, இதைப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 99 ரூபாய்க்கும் குறைவு. அதை வைத்து எந்தத் தாய் ஆறு மாதம் வீட்டில் இருப்பாள்? பச்சை உடம்போடு சேற்றில் இறங்குகிறாள். வரப்பு மரத்தில் தூளி கட்டுகிறாள். நூறு நாள் வேலைக்காக வந்த 2005ஆம் ஆண்டுச் சட்டம், ஐந்து சிறு பிள்ளைகள் இருந்தால் பார்த்துக் கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்று எழுதி வைத்திருந்தது. எழுத்தில் இருந்தது, எத்தனை வேலைத் தலத்தில் இருந்தது என்பதை நம் வாசகர்களே அறிவார்கள்.

ஆண் தொழிலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. இது பெண்கள் சமாசாரம் என்று ஒதுங்கி நிற்க வேண்டாம். மனைவியை வேலையிலிருந்து விரட்டினால் வீட்டில் ஒரு கூலி போகிறது. மிஞ்சிய ஒரு கூலியைக் காப்பாற்ற நீங்கள் முதலாளிக்கு அடங்கிப் போகிறீர்கள். பிள்ளை இருவருக்கும்தானே? மத்திய சர்க்கார் ஊழியனுக்குப் பிள்ளை பிறந்தால் 15 நாள் லீவு. மில் தொழிலாளிக்குச் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. ஸ்வீடன் நாட்டில் 1974லேயே பிள்ளை வளர்க்கும் லீவைத் தாய், தகப்பன் இருவருக்குமாக ஆக்கினார்கள். இன்று அதில் 90 நாள் தகப்பனுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. தகப்பனும் லீவில் போவான் என்றால், பெண்ணை மட்டும் ‘லீவு போடுகிறவள்’ என்று ஒதுக்க முடியாது. லீவு கேட்பதோடு நிற்காமல், வீட்டில் தொட்டிலை ஆட்டவும் அடுப்பைப் பார்க்கவும் கை கொடுங்கள் என்றும் சொல்கிறோம்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. கல்யாணம், கர்ப்பம், பிள்ளை ஆகியவற்றைக் காட்டி வேலையோ பதவி உயர்வோ மறுப்பது தண்டனைக்குரியது என்று சட்டம் வேண்டும். பிரசவ லீவு பணிமூப்பில் சேர வேண்டும். விவசாயத் தொழிலாளிக்கும் தறித் தொழிலாளிக்கும் பொது நிதியிலிருந்து 26 வாரக் கூலி வேண்டும். பிற்பகலோடு மூடும் அங்கன்வாடி போதாது. ஷிப்ட் முடியும்வரை, ரயில் வந்து சேரும்வரை திறந்திருக்கும் காப்பகம் வேண்டும், கைக்குழந்தையையும் ஏற்கும் காப்பகம் வேண்டும். தகப்பனுக்கும் லீவு வேண்டும்.

இவை தானாக வந்து சேரா. முதல் வேலையாக, ஐம்பது பேருக்கு மேல் உள்ள உங்கள் ஆலையில் காப்பகம் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். இல்லையென்றால் ஆணும் பெண்ணும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு நிர்வாகத்திடம் கேளுங்கள். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் பஞ்சப்படியோடு தொட்டிலையும் கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள். நாளைய தொழிலாளியைப் பெற்று வளர்ப்பவளுக்கு இன்றைய தொழிலாளி துணை நிற்காவிட்டால், வேறு யார் நிற்பார்கள்?